தழைவெண் எண்பத்தேழு

தொப்பியைத் தலையில் வைத்ததும் தெக்லா அக்கா சிரித்துவிட்டார்.

"ஏ பிள்ள, இது எங்க கம்பெனித் தொப்பி மாதிரிலா இருக்கு! ஒத்த முடி வெளிய தெரியக் கூடாது. இறால்ல முடி கெடந்தா சரக்கத் திருப்பி அனுப்பிருவாவ."

"சிரிக்காதீங்க அக்கா. தாடை அசைஞ்சா திரையில கோடெல்லாம் கலங்கிரும்."

"சரி, சிரிக்கல. அழலாமா?"

"அழலாம். அதுக்குத்தான் இங்க நிறைய பேரு வாராங்க."

என் பெயர் சங்கரவடிவு. தூத்துக்குடி மாவட்ட நீதிமன்ற வளாகத்தின் பின்கட்டில் தழைமானி அறை இருக்கிறது. மூன்று வருடமாக அதன் இயக்குநர் நான். அந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்று யாராவது கேட்டால் எனக்கு மதியச் சாப்பாடு மறந்துவிடும். தெக்லா அக்கா கேட்டார். அதனால் சொன்னேன்.

"ஒரு ஞாபகத்த பஸ் ஸ்டாண்டுன்னு வச்சுக்கோங்க. சாதாரண ஞாபகத்துல இருந்து பல ஊருக்கு வண்டி போகும். மாம்பழம்னு சொன்னா ருசிக்கு ஒரு வண்டி, பள்ளிக்கூடத்துக்கு ஒரு வண்டி, சேந்து தின்ன ஆளுக்கு ஒரு வண்டி. ஆனா பெரிய கேடு நடந்த ஞாபகத்துல இருந்து ஒரே ஒரு ஊருக்குத்தான் வண்டி. பயம். எப்ப ஏறினாலும் அங்கதான் கொண்டுபோய் விடும். கொஞ்சம் கொஞ்சமா ஆறும்போது புது வழித்தடம் பிறக்கும். பழகின ஆளுக்கு, செய்யிற வேலைக்கு, சாமிக்கு, சிரிப்புக்கு. அந்த ஞாபகத்தத் தூண்டுற ஒரு சத்தத்த நான் போடுவேன். தொப்பி எத்தன வண்டி கிளம்புதுன்னு எண்ணும். நூத்துக்கு எத்தனைன்னு சொல்லும். அதுக்குப் பேரு தழைவெண்."

"நீ பேசுத வேகத்துல எல்லா வண்டியும் கிளம்பிருச்சு. சத்தத்தப் போடு."

சைரனைப் போட்டேன். ஆலை தந்த விபத்து அறிக்கையில், பகல் இரண்டு பதினான்குக்குச் சைரன் ஒலித்தது என்று இருந்தது. தூண்டல் ஒலியை அந்த அறிக்கையிலிருந்துதான் எடுப்போம். அதுதான் நடைமுறை.

திரையில் கோடுகள் தீபாவளிச் சக்கரம்போல் விரிந்தன. அத்தனை கோடுகளை அந்த அறையில் நான் அதற்குமுன் பார்த்ததில்லை. தழைவெண் எண்பத்தேழு.

"நல்லதா?" என்று கேட்டார்.

மருத்துவமனையாக இருந்திருந்தால் கைகுலுக்கியிருப்பேன். இது நீதிமன்றம்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி ஒன்றை விளக்க வேண்டும். தழைமானியைக் கண்டுபிடித்தவர்கள் நல்லவர்கள். வெள்ளம், தீ, விபத்து என்று பெரிய அடி பட்டவர்களில் சிலர், அடிக்கு முன் இருந்ததைவிட உறுதியானவர்களாக, பிறர்மேல் அக்கறை கூடியவர்களாக, வாழ்வதற்கு ஒரு காரணம் கண்டவர்களாக ஆவதை மருத்துவர்கள் கவனித்தார்கள். அது உண்மை. அப்படி ஆகாதவர்களுக்கு எந்த உதவி தேவை என்று அறியத்தான் கருவியைச் செய்தார்கள். பிறகு நிகரப் பாதிப்புச் சட்டம் வந்தது. தீங்கை, நேர்ந்த அன்று இருந்த அளவில் பார்க்கக் கூடாது, இன்று எஞ்சியிருக்கும் அளவில்தான் பார்க்க வேண்டும் என்றது அது. பாதிக்கப்பட்டவர் அறுபதுக்குமேல் தழைத்துவிட்டால் பாதிப்பு 'சிறிது'. பாதிப்பு சிறிதென்றால் தண்டனையும் சிறிது.

உயிர் பிழைத்தவர்களில் ஒருவரைச் சான்றுநபராகத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் குற்றவாளித் தரப்புக்கே. இறந்தவர்களுக்குப் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு. இறந்த மூளையில் கோடு எழும்பாது என்பதால் அந்தக் கட்டம் வெற்றாக இருக்கும். வெற்றுக் கட்டங்களைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்பது ஒன்பதாம் விதி. இதை அவரிடமும் சொன்னேன்.

"அப்போ செத்துப்போன செலினு, புஷ்பம், மத்த ஒம்பது பேரு... கணக்குலயே இல்ல?"

"இல்ல அக்கா."

"ஆக்ஸிஜன் குழாயோட வீட்டுக்குள்ளயே கெடக்காளே ஜெனோவா, அவ?"

"அவங்கள ஆலைத் தரப்பு தேர்ந்தெடுக்கல."

"என்னத்தான் தேர்ந்தெடுத்தாவ." அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "நான் நல்லா இருக்கதால அவரு வெளிய வாராரு. அதானே?"

அவர் என்று சொன்னது திருமேனிநாதனை. இறால் பதனிடும் ஆலையின் மேலாளராக இருந்தவர். பதினொரு பெண்கள் இறந்த வழக்கில் ஏழு வருடத் தண்டனையில் இரண்டைக் கழித்திருந்தார். தண்டனைக் குறைப்பு மனு நான்கு வாரத்தில் விசாரணைக்கு வருகிறது. எண் அறுபதைத் தாண்டினால் அன்றே விடுதலை. ஆலை வளாகத்திலேயே இரண்டாவது பிரிவு தயாராக நிற்கிறது. அவர் பொறுப்பில் திறக்கப்போவதாகச் செய்தியும் வந்துவிட்டது. முந்நூறு பெண்களுக்கு வேலை.

"எண்ணக் கொறைக்க வழி இருக்கா?" என்று கேட்டார் தெக்லா அக்கா.

இருந்தது. எனக்குத் தெரிந்த எல்லோரும் செய்வதுதான். பேருந்து விபத்தில் மகனை இழந்த ஒருவர், பாட்டு வகுப்பு நடத்திக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு இருட்டறையில் இரண்டு மாதம் உட்கார்ந்தார். கட்டடம் இடிந்து கால் போன ஒரு பெண், தனக்கு வந்த கல்யாணத்தைத் தள்ளிப்போட்டாள். தழைத்துவிட்டால் குற்றவாளி தப்பிவிடுவான் என்று தங்களைத் தாங்களே வாடவைத்துக்கொண்டு என் முன் வந்து உட்காருவார்கள். நான் எண்ணைக் குறித்துக்கொள்வேன். இறங்கியிருந்தால் அவர்களுக்குச் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில் எண் ஒன்றிரண்டு ஏறிவிடுமோ என்று அதையும் அடக்கிக்கொள்வார்கள்.

"உங்களுக்கு எது பிடிச்ச வேலையோ அத நிறுத்தணும். ஆட்களப் பாக்கக் கூடாது" என்றேன்.

"கிளாஸ நிறுத்தணும்."

"ஆமா."

வகுப்பு என்ன என்று புரிய, அந்த நாளைச் சொல்ல வேண்டும். அவரே சொன்னார். அழாமல், ஒரு இயந்திரத்தைப் பிரித்துக் காட்டுவதுபோல.

இறாலைக் குளிரில் வைத்து உரிக்க வேண்டும். குளிர் தருவது அம்மோனியா. உரிக்கும் கூடத்தில் ஒரே கதவு. அதன் ரப்பர் விளிம்பு தேய்ந்து, கதவு தானாகத் திறந்துகொண்டு குளிர் வெளியேறியது. புது ரப்பர் போடுவதற்குப் பதில் வெளியே ஒரு தாழ்ப்பாள் போட்டார்கள். ஒருநாள் மதியம் குழாய் இணைப்பு ஒன்று வெடித்தது. உள்ளே பதினேழு பேர். தெக்லா அக்காதான் மேஸ்திரி. ஆலைக்கு வந்து பத்து வருடத்தில் அவர்களுக்குக் கிடைத்த ஒரே பாதுகாப்புப் பாடம் சுவரில் ஒட்டியிருந்த தீயணைப்புப் படம். புகை மேலே போகும், கீழே படு.

"நான் கத்துனேன். எல்லாவளும் தரையில படுங்கட்டின்னு. படுத்தாளுவ. என் பேச்சத் தட்ட மாட்டாளுவ."

அம்மோனியா காற்றைவிட லேசானது. பாடப்புத்தகம் அப்படித்தான் சொல்லும். ஆனால் அழுத்தத்தில் திரவமாக இருந்தது சீறி வெளியே வரும்போது கடுங்குளிராக இருக்கும். குளிர்ந்த ஆவி கனக்கும். ஈரத்தோடு சேர்ந்து வெள்ளை மூடுபனியாகத் தரையில்தான் படரும். அவர் கத்தியது காதில் விழாமல் உரிக்கும் மேசைமேல் ஏறி நின்ற ஐந்து பேர் பிழைத்தார்கள்.

"நான் படுக்கல. நின்னு கதவ இடிச்சேன். அதான் பொழச்சேன். சொன்னவ நின்னேன், கேட்டவ படுத்தா."

ஒரு வருடம் அவர் யாரோடும் பேசவில்லை. பிறகு ஒருநாள், ஏன் அப்படி ஆயிற்று என்று கேட்டுக்கொண்டு பாலிடெக்னிக் வாசலில் போய் நின்றார். எட்டாம் வகுப்பு படித்தவர். ஓர் ஆசிரியர் உட்காரவைத்து வால்வு, அழுத்தம், ஆவி எல்லாம் சொல்லிக்கொடுத்தார். இப்போது கடற்கரை நெடுக ஐஸ் கம்பெனிகளுக்கும் இறால் ஆலைகளுக்கும் போய் அவர் சொல்லிக்கொடுக்கிறார். கையில் ஒரு சின்னச் சைரன். அதை அழுத்தியதும் எல்லோரும் துணியை நனைத்து முகத்தில் கட்ட வேண்டும், ஏனென்றால் அம்மோனியா தண்ணீரில் கரையும். வெள்ளைப் பனி எந்தப் பக்கம் போகிறதென்று பார்த்து, குறுக்கே வெளியேற வேண்டும். வழியில்லாவிட்டால் மேலே ஏற வேண்டும், படுக்கவே கூடாது. நூற்றுப் பன்னிரண்டு வகுப்புகள் எடுத்துவிட்டார்.

அந்த வகுப்பை நிறுத்தினார்.

மூன்றாம் வாரம் வெள்ளிக்கிழமை, வடக்கே ஒரு மீன்பிடித் துறைமுகத்தில் ஓர் ஐஸ் கம்பெனியில் கசிவு. கதவு திறந்திருந்தது, ஆள் சாவு இல்லை. ஆனால் பேச்சித்தாய் என்று ஒருத்தி, சுவரில் இருந்த தீயணைப்புப் படத்தை நம்பித் தரையில் படுத்தாள். இரண்டு கண்களும் போய்விட்டன. அங்கே தெக்லா அக்காவின் வகுப்பு அதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை நடந்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை என் அறைக்கதவு சுவரில் மோதித் திறந்தது.

"தொப்பிய எடு. எவ்வளவு வந்தாலும் எழுது. அவரு வெளிய வந்தா வரட்டும். அவர உள்ள வைக்கதுக்கு நான் வாயப் பொத்திக்கிட்டு இருந்தா இன்னும் எத்தன பேரு கண்ணு போவணும்? என்ன சட்டம்ட்டி இது? நல்லா இருந்தா தப்பு, நாசமாப் போனா நீதி. எவன் எழுதுனான் இத? அவன் வீட்டுல எழவு விழுந்ததே இல்லையா?"

"அக்கா, தண்ணி குடிங்க."

"நீயும் தண்ணி குடிச்சிட்டுத்தான எண்ண எழுதுத?"

அது என்மேல் நேராக விழுந்தது. தொப்பியை மாட்டினேன். சைரனைப் போட்டேன். கோடுகள் விரிந்தன. தொண்ணூற்றொன்று. கோபமும் ஒரு வழித்தடம்தான்.

திரையில் கோடுகளைப் பெரிதாக்கி அவருக்கு விளக்கினேன். விளக்கும்போதுதான் எனக்கு நிதானம் வரும். "பாருங்க, இந்தக் கோடு ஈரத்துணிக்குப் போகுது. இது ஒரு கரும்பலகைக்கு. இது நிறைய முகங்களுக்கு..."

"அது கீழவைப்பாறு ஐஸ் கம்பெனி. அது குளச்சல்ல எடுத்த கிளாசு." சட்டென்று நிறுத்தினார். "எல்லாம் கிளாசாத்தான் இருக்கு. அந்த நாளு எங்க?"

நான் தேடினேன். செலின் இல்லை. தரை இல்லை. கதவு இல்லை. மூடுபனி இல்லை.

"ஏன் இல்லேன்னு எனக்குத் தெரியும்" என்றார். "அன்னைக்குச் சைரன் அடிக்கல."

"அறிக்கையில..."

"அறிக்கையில ஆயிரம் இருக்கும். விசாரணைக் கமிஷன்ல பொழச்ச ஆறு பேரும் சொன்னோம், அடிக்கலன்னு. பயத்துல காதுல விழுந்திருக்காதுன்னு எழுதிட்டாவ. நீ என்னைக்காவது எங்ககிட்ட கேட்டியா, அன்னைக்கு என்ன சத்தம் கேட்டுச்சுன்னு?"

கேட்கவில்லை. மூன்று வருடத்தில், நானூற்றுச் சொச்சம் பேரில், ஒருவரிடம்கூட நான் கேட்கவில்லை. தீங்கு செய்தவர்களின் அறிக்கையிலிருந்து சத்தத்தை எடுத்து, தீங்கு பட்டவர்களின் தலைக்குள் போட்டு, வந்த எண்ணை அவர்களுடையது என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

"என்ன கேட்டுச்சு அக்கா?"

"தாழ்ப்பாளு. நான் இடிக்க இடிக்க வெளிய தாழ்ப்பாளு குதிக்கிற சத்தம். டக்கு, டக்குன்னு. தொறக்காது. குதிக்கும்."

என் மேசை இழுப்பறையில் ஓர் இரும்புத் தாழ்ப்பாள் இருந்தது, பழைய பீரோவினுடையது. அனுமதி கேட்டேன். கண்ணை மூடித் தலையாட்டினார். ஒரே ஒரு தடவை தட்டினேன்.

திரையில் ஒரே கோடு. ஒரே ஊர். தழைவெண் ஆறு.

தொப்பியைக் கழற்றிவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "அப்போ நான் ஆறவே இல்லையா பிள்ள?" என்று கேட்டார்.

"அது ஒரு ஸ்டாண்டு அக்கா, இது ஒரு ஸ்டாண்டு. ரெண்டுக்கும் நடுவுல வண்டி ஓடல. அந்தக் காயத்துல இருந்து இது முளைக்கல. இத நீங்க தனியா, மண்ணு சுமந்து கட்டியிருக்கீங்க."

அன்றே நீதிபதிக்கு எழுதினேன். என் தவற்றை முதல் வரியில் வைத்தேன். மற்ற ஐந்து பேரையும் சோதிக்க ஒரு வாரம் தந்தார். தொப்பியைப் பெட்டியில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். ஜெனோவாவின் வீட்டில் சைரனைப் போட்டபோது, ஆக்ஸிஜன் மூடிக்குள் அவள் சிரித்தாள். திரையில் வேப்பமரம், வறுத்த கடலை, தோழிகளின் கேலி.

"முன்னால அது அடிக்கடி அடிக்கும்" என்றாள் மூச்சு வாங்கி வாங்கி. "சின்னக் கசிவுன்னாலும் அடிச்சிரும். வெளிய வந்து மரத்தடியில... இருவது நிமிஷம் கடல திம்போம். மேனேஜருக்கு வயிறெரியும். பொறவு... அடிக்கிறதே நின்னு போச்சு."

ஆறு பேர் தலையிலும் அந்தச் சைரன் அந்த நாளோடு சேரவில்லை. தாழ்ப்பாள் சத்தத்துக்கு ஆறு பேரிலும் பத்தைத் தாண்டிய எண் இல்லை.

விசாரணை அன்று ஆலைத் தரப்பு வழக்கறிஞர் சுதர்சனம் நன்றாகப் பேசினார். "கனம் நீதிபதி அவர்களே, திருமதி தெக்லா இன்று ஒரு ஆசிரியை. கடற்கரையே மதிக்கும் மனுஷி. அந்தத் துயர நாள் இல்லாவிட்டால் இந்தத் தெக்லா இல்லை. என் கட்சிக்காரரின் கவனக்குறைவிலிருந்து விளைந்த நன்மையையும் நாம் எடைபோட வேண்டாமா?"

தெக்லா அக்கா எழுந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

"குழியில விழுந்தவ கையூணி ஏறி வந்தா, குழி வெட்டுனவரு ஏணி செஞ்சவரா ஆயிருவாரா? நான் படிச்சது நான் படிச்சது. எனக்குச் சொல்லித்தந்தவரு பாலிடெக்னிக் வாத்தியாரு. இவருகிட்ட நான் படிச்சது ஒண்ணே ஒண்ணுதான், தாழ்ப்பாளு எந்தப் பக்கம் இருக்குன்னு பாக்க."

"உட்காருங்கம்மா" என்றார் நீதிபதி. அவர் குரலில் கண்டிப்பு இல்லை.

என்னை அழைத்தார்கள். நான் பேருந்து நிலையத்தில் ஆரம்பித்தேன். "சுருக்கமாக" என்றார் நீதிபதி. சுருக்கினேன். சுதர்சனம் எழுந்து, சைரன் ஒலித்ததற்குக் கணினிப் பதிவு இருக்கிறது என்றார்.

"பதிவு சரிதான்" என்றேன். "வாயுவை உணர்ந்ததும் கணினி சைரனுக்குக் கட்டளை அனுப்பும். அனுப்பிய நேரத்தை எழுதிவைக்கும். கட்டளை கம்பியில் போனதைத்தான் அது எழுதும், சைரன் ஒலித்ததை எழுதாது. அதற்குக் காது இல்லை. நடுவில் கம்பியை யாராவது துண்டித்திருந்தாலும் இரண்டு பதினான்கு என்றுதான் எழுதியிருக்கும்."

மனிதர் சொல்லைவிடக் கருவியின் சொல் மேலானது என்று மனுவின் மூன்றாம் பக்கத்தில் வாதாடியிருந்தது அவர்கள்தான். இப்போது ஆறு பேரின் கருவிச்சொல் மேசைமேல் கிடந்தது.

நீதிபதி திருமேனிநாதனைப் பார்த்தார். "நீங்கள் இந்தத் தொப்பியை அணிந்து அந்தச் சைரனைக் கேட்கச் சம்மதமா?"

இதையும் விளக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் சோதனையை மறுக்க முடியாது. மறுத்தால் முழுதும் தழைத்ததாகக் கொள்ளப்படும், ஐந்தாம் விதி. குற்றவாளி மறுக்கலாம்.

அவர் தொப்பியைப் பார்த்தார். பிறகு, "விருப்பமில்லை" என்றார். அந்த வழக்கில் அவர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே சொல் அதுதான்.

மனு தள்ளுபடி ஆயிற்று. சைரன் கம்பி பற்றிப் புதிதாக விசாரிக்க உத்தரவு. இரண்டாவது பிரிவின் திறப்புக்குத் தடை. சட்டம் அப்படியே இருக்கிறது; ஒன்பதாம் விதியும் ஐந்தாம் விதியும் இன்றுவரை இருக்கின்றன. என் படிவத்தை நிரப்ப வேண்டியிருந்தது. அதில் எண்ணுக்கு ஒரே ஒரு கட்டம். தொண்ணூற்றொன்றா, ஆறா என்று தலைமை எழுத்தர் கேட்டார். சராசரி போட்டுவிடலாமே என்றும் சொன்னார்.

"ரெண்டையும் எழுது" என்றார் தெக்லா அக்கா. "கூட்டவும் வேண்டாம், கழிக்கவும் வேண்டாம். நடுவுல ஒரு கோடு போடு."

கட்டத்தைக் கிழித்ததுபோல் ஒரு கோடு போட்டேன். படிவம் செல்லாது என்று திரும்பி வந்தது. மறுபடி அப்படியே எழுதி அனுப்பினேன். இப்போதெல்லாம் தொப்பி வைக்கும்முன் ஒவ்வொருவரிடமும் கேட்கிறேன், அன்றைக்கு உங்களுக்கு என்ன கேட்டது என்று.

விசாரணைக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை விடுப்புப் போட்டுவிட்டு அவரோடு அந்த வடக்குத் துறைமுகத்து ஐஸ் கம்பெனிக்குப் போனேன். முப்பது பேர் நின்றிருந்தார்கள். முன்வரிசையில் ஒரு நாற்காலியில் கறுப்புக் கண்ணாடியோடு பேச்சித்தாய். சுவரில் தீயணைப்புப் படம் இருந்த இடம் வெளுப்பாகத் தெரிந்தது. தெக்லா அக்கா ஒரு வாளித் தண்ணீரைக் காலால் நகர்த்தி வைத்தார். சைரனைத் தூக்கிப் பிடித்து, "சத்தம் கேட்டதும் என்ன செய்யணும்?" என்றார்.

"படுக்கக் கூடாது" என்று பேச்சித்தாய்தான் முதலில் சொன்னாள்.

சைரனை அழுத்தியபோது அவர் கை ஆடவில்லை. அதற்குச் சற்றுமுன், வகுப்பு தொடங்கும்முன், கதவு மூடிவிடாமல் இருக்க ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்தாரே, அப்போது ஆடியது.